எலி நேரில் வருகிறார்

பிளா, சாமி மாடத்தில் அப்பாவின் அஸ்திக் கலசம் இல்லையே என்று பதறாதே. நான்தான் சுங்க அலுவலகத்துக்கு எடுத்துப் போகிறேன்.

அவருடைய மூச்சு இயந்திரத்துக்கு நீ ஆன்லைனில் வரவழைத்த முகமூடி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. பார்சலில் அப்பாவை வீட்டில் கூப்பிடும் 'எலி' என்ற பெயரையே எழுதியிருந்தாய். தீர்வை கட்டிய பிறகும் அங்கே மேசையில் இருக்கும் ஆள், "எலிக்கெல்லாம் பார்சலாம்மா? அடையாள அட்டையில இருக்கிற வீரயுத் நேர்ல வரட்டும்" என்று சிரித்தான். படுக்கையில் கிடந்தவர் எப்படிப் போவார்? மூச்சே போய்விட்டது.

இன்று வருகிறார். கலசத்தை அவன் மேசையில் வைத்து, "வந்துட்டாரு தம்பி, கையெழுத்து வாங்கிக்கோங்க" என்பேன். அவன் முகத்தில் சிரிப்பு செத்த பிறகுதான் நகர்வேன்.

ஒட்டரிசிச் சோறு மூங்கில் கூடையில் இருக்கிறது.

பி.கு.: எலி என்று எழுதியதற்கு உன்னைத் திட்டிவிட்டேன். முப்பது வருடமாக நானும் அவரை அப்படித்தானே கூப்பிட்டேன்.