வெந்நீரில் போய் நின்றது

ஹோபார்ட், ஜூலை

அன்புள்ள கணவர் கிளாரிக்கு,

முழங்கால் வலி தேவலையா? நான் நலம்.

ஞாயிறு காலை, முதியோர் இல்லத்துச் சமையலுக்கு முன், இந்தக் குளிர்காலத்திலும் வழக்கம்போல் நீச்சல் கூட்டத்தோடு கடலில் இறங்கினேன். கரையேறியதும் நடுக்கம் தாங்காமல் நேரே வெந்நீர் ஷவரில் போய் நின்று மயங்கி விழுந்தேன். தூக்கியது எங்களோடு நீந்தும் பெரில். என் சூப்பை நாய்கூடக் குடிக்காது என்று நாலு பேர் முன்னால் சொன்னாளே, அதே பெரில்.

“முதல்ல துவட்டு, தொப்பி போடு, டீ குடி. அப்புறம்தான்டி வெந்நீர்! சாகவா வந்தே, கிழவி?” என்றாள்.

உங்களுக்குப் போன் செய்தாள், திரும்பத் திரும்ப. நீங்கள் எடுக்கவில்லை. தோட்டத்தில் இருப்பார் என்றேன். அவள் கேலி செய்யவில்லை, அதுதான் பொறுக்கவில்லை.

பேரப்பிள்ளைகளிடம் சொல்லாதீர்கள். வீட்டுக்குத் திரும்பி வா என்று ஒரு வரி எழுதுங்கள். மனமில்லையென்றால் உங்கள் கம்பளிச் சட்டையையாவது அனுப்புங்கள். துவைக்க வேண்டாம்.

வேலைக்கு நேரமாகிறது.
எட்னா