சின்னத் துவக்கும் சாமிப்படமும்

நவம்பர் 12, செவ்வாய்

இரவுச் சாப்பாட்டில் இன்றும் அதே வாக்குவாதம். போன கிழமை இங்கே டெப்பனர் என்று சொல்கிற எங்கள் மூலைப் பலசரக்குக் கடைக்குள் ஒருவன் கத்தியோடு வந்ததிலிருந்து இதே கதைதான்.

"சின்னத் துவக்கே காணும் அண்ணை, பெரிசு தேவையில்லை. சத்தத்துக்கே ஓடிப்போவான்," என்றார் என் கணவரின் தம்பி.

"அது காகத்துக்குத்தான் காணும். வெறியில வாறவன் அந்தக் குண்டுக்கு விழுவானே?" என்றார் இவர்.

இந்த நாட்டில் கடையில் துவக்கு வைத்திருக்க விடமாட்டார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு மணி நேரம். கத்திக்கு முன்னால் நின்ற என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

விடியக் கடையைத் திறந்ததும், கதவைப் பூட்டாமல், சாமிப்படத்துக்கு விளக்கேற்றுவது இவர் வீட்டு வழக்கம். அப்போது என் முதுகு வாசல் பக்கம். அப்படி நின்றபோதுதான் அவன் வந்தான்.

"படத்தை வாசலுக்கு மேல மாட்டுவம். வாறவன்ர முகமாவது தெரியும்," என்றேன்.

"உமக்கென்ன விசரே? சாமி கிழக்கையெல்லோ பாக்கவேணும்!" என்றார் இவர். தம்பியும் தலையாட்டினார். அதில் மட்டும் ஒற்றுமை.

நாளைக்குச் சுத்தியலோடு போகிறேன். எந்த அளவு ஆணி காணும் என்று இருவரும் இருந்து வாதாடட்டும்.