பூக்கட்டிப் பார்த்த வெங்காயம்

புரட்டாசி 19, ஞாயிறு

அன்பு மகள் சுகன்யாவுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம், உங்கப்பா சுகம், மாடு இரண்டும் சுகம், கிணறுதான் கொஞ்சம் சுகமில்லாமல் கிடக்கிறது. அங்கே உனக்குச் சளி விட்டதா, வேளைக்குச் சாப்பிடுகிறாயா, இல்லை ரொட்டியைக் கடித்துக்கொண்டே ஓடுகிறாயா என்று எழுது. தினம் ஃபோனில் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஃபோனில் என்னத்தைப் பேச, உங்கப்பா ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார், வாட்ஸ்அப்பில் எழுதினால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதையும் படிக்கிறார். அதனால்தான் பருப்புப்பொடிப் பார்சலுக்குள் இதை மடித்து வைக்கிறேன், படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. கடைசியில் உனக்கு ஒரு வேலை சொல்லியிருக்கிறேன், அதைப் பார்க்காமல் கிழித்துவிடாதே.

போன வாரம் நீ பதினோரு நாளாக விடாத மழை, வெறுத்துப்போச்சு என்று சொன்னாய் அல்லவா, அன்றைக்கு உங்கப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை. "வெறுத்துப்போன மழைய ஒரு சாக்குல கட்டி அனுப்பச் சொல்லு, நாம வச்சுக்கிருவோம்" என்றார். ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள், இந்த வருஷம் நாங்கள் விதையைக் கையில் வைத்துக்கொண்டு ஆடியைத் தேடினோம். ஆவணியில் இடி மட்டும் இடித்தது, இடியை வைத்து என்ன விதைப்பது. கிணற்றுக்குள் இறக்கிய போரில் காலையில் நாற்பது நிமிடம் தண்ணீர் வரும், அப்புறம் மோட்டார் காற்றைத்தான் துப்பும், சாயங்காலம் இன்னொரு நாற்பது நிமிடம், அவ்வளவுதான். இந்தத் தண்ணீரை வைத்துக்கொண்டு புரட்டாசிப் பட்டத்துக்கு என்ன போடுவது என்பதில்தான் உங்கப்பாவுக்கும் எனக்கும் சண்டை வந்தது.

கிணற்றடி இரண்டு ஏக்கரிலும் சின்ன வெங்காயம் என்று அவர் ஒற்றைக்காலில் நின்றார். அவர் கணக்கே தனி. மழை இல்லாத வருஷத்தில் எல்லாரும் வெங்காயத்தைக் கைவிடுவார்கள், அப்போது நாம் பிடித்துக்கொண்டால் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளா லாரிக்காரன் நம்மைத் தேடி வருவானாம். வருவான், வெங்காயம் இருந்தால் வருவான். எழுபது நாள் பயிர், நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் கேட்கும், பாதியில் கிணறு கையை விரித்தால் காய்ந்த தாளை அள்ளி லாரிக்காரன் தலையில் கொட்ட முடியுமா. நான் சோளம் என்றேன். சோளம் போட்டு ஊடே தட்டைப்பயறு விடுவோம், மேட்டுக்காட்டில் ஐப்பசிக்குக் கொள்ளு வீசுவோம், வானம் பாதி கொடுத்தாலும் சோளத்தட்டையாவது மிஞ்சும், மாட்டுக்கு ஆகும் என்றேன். வெங்காயம் போனால் வெங்காயத்தோடு நிற்காது சுகன்யா. தீவனமில்லாமல் போன பஞ்சத்தில் செவலை மாட்டைச் சந்தைக்கு ஓட்டிவிட்டு வந்து உங்கப்பா மூன்று நாள் தொழுவத்துப் பக்கம் திரும்பவில்லை, அது உனக்கே தெரியும். இருக்கிற இரண்டையும் அப்படி ஓட்டிவிட என்னால் முடியாது.

காந்திகிராமத்தில் விவசாயிகள் கூட்டம் என்றார்கள், இரண்டு பேரும் போனோம். உன் வயசுப் பெண் ஒருத்தி அழகாக எடுத்துச் சொன்னாள், மழையை நம்பி விதையை எண்ணாதீர்கள், முதலில் தண்ணீரை அளந்து பாருங்கள், எல்லாவற்றையும் ஒரே பயிரில் கொண்டுபோய்க் கொட்டாதீர்கள் என்று. உங்கப்பா முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டு ஆட்டு என்று ஆட்டினார். ஆஹா, மனுஷன் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தால், "சாம்பார் நல்லா இருந்துச்சு பேச்சி" என்கிறார். கூட்டத்திலிருந்து அவர் கொண்டுவந்தது அந்தச் சாம்பார் ருசி ஒன்றுதான். அதற்கப்புறம் பன்னிரண்டு நாள் வீட்டில் வேறு பேச்சே இல்லை, வெஞ்சனத்தில் உப்பு கூடினாலும் வெங்காயம், குறைந்தாலும் சோளம்.

கடைசியில் அவரே இறங்கிவந்து, "நீயும் பேச வேணாம், நானும் பேசல, கருப்பணசாமி முன்னாடி பூக்கட்டிப் பாத்துருவோம்" என்றார். பொட்டலம் பிரித்துச் செவ்வரளி வந்தால் சோளம், வெள்ளை நந்தியாவட்டை வந்தால் வெங்காயம். நம் வீட்டில் பெரிய காரியம் எதுவும் பூக்கட்டாமல் நடந்ததில்லை, உன்னை அந்தத் தூரதேசத்துக்கு அனுப்பலாமா வேண்டாமா என்று நாங்கள் இரண்டு பேரும் முட்டிக்கொண்டு நின்றபோதுகூட வெள்ளைப் பூ வந்துதானே நீ விமானம் ஏறினாய். அன்றைக்கு அவர் பூக்கட்டினார், அதனால் இந்தத் தடவை என் முறை. இப்போது ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. காலண்டர் தாளைக் கிழித்து இரண்டு பொட்டலம் மடித்து வாழைநாரால் கட்டினேன் பார், இரண்டிலும் செவ்வரளியைத்தான் வைத்தேன். கருப்பணசாமி பொய்க்காரர்களை விடமாட்டார் என்பார்கள், ஆனாலும் மாட்டைப் பார்ப்பேனா சாமியைப் பார்ப்பேனா. சாமிக்கு அப்புறம் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

பொட்டலம் இரண்டையும் உங்கப்பா வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார், வண்டியில் பின்னால் உட்கார்ந்து நான் போனேன். பூ எடுப்பதற்கு உன் சித்தி சண்முகவள்ளியை வரச் சொல்லியிருந்தோம், அவளுக்கு வெங்காயமும் வேண்டாம் சோளமும் வேண்டாம், வேடிக்கை பார்த்தால் போதும். சாமி முன்னால் பொட்டலத்தை உருட்டிவிட்டார் உங்கப்பா, அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நந்தியாவட்டை. வெள்ளை வெளேரென்று சிரிக்கிறது. சாமிதான் நிறத்தை மாற்றிவிட்டார் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அதற்குள் சண்முகவள்ளி, "மத்ததையும் பிரிச்சுப் பாத்துருவோமா அக்கா" என்று கையை நீட்டினாள். வேண்டாம் என்று நான் கத்தினேன், அதே நொடியில் உங்கப்பாவும் வேண்டாம் என்று கத்தினார். நான் கத்துவதற்குக் காரணம் இருக்கிறது, இவர் ஏன் கத்துகிறார் என்று அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது.

மறுநாள் காலையில் அவர் சட்டையை ஊறவைக்க எடுத்தால் பையில் இரண்டு பொட்டலம், வாழைநார்க் கட்டு, என் கைக்கட்டு, அவிழ்க்கவே இல்லை. புரிந்துவிட்டதா. நான் இரண்டிலும் சிவப்பைக் கட்டினேன், அவர் முன்னாடியே இரண்டிலும் வெள்ளையைக் கட்டி இன்னொரு பையில் வைத்திருந்து, சாமி முன்னால் அதை உருட்டிவிட்டார். இட்லித் தட்டில் இட்லிக்குப் பக்கத்தில் அந்த இரண்டையும் வைத்து முன்னால் தள்ளினேன். முதலில் முகம் கறுத்தது, அப்புறம் ஒன்றைப் பிரித்தார், சிவப்பு, இன்னொன்றைப் பிரித்தார், அதுவும் சிவப்பு. மூன்று இட்லியைக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டார். நாலாவது இட்லியில் சிரிப்பு பீறிட்டுப் புரையேறி, நான் தலையில் தட்டவேண்டியதாகிவிட்டது. "ஏ பேச்சி, அந்தக் கருப்பன் என்ன நெனச்சிருப்பாரு, இந்த வீட்டுல ஒருத்தர்கூட யோக்கியம் இல்லையேன்னு நெனச்சிருப்பாரு" என்றார்.

சிரித்து முடித்ததும், இம்புட்டுத் தில்லுமுல்லு செய்கிற அளவுக்கு அந்த வெங்காயத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். பிரித்த பூவைத் தட்டோரமாக ஒதுக்கினார். நீ இரண்டு வருஷமாக டிக்கெட் போடுகிறேன் வாருங்கள் என்று கூப்பிடுகிறாய், மகள் காசில் ஏறமாட்டேன் என் காட்டு வெள்ளாமையில்தான் வருவேன் என்று இவர் வீம்பு பிடிக்கிறார் இல்லையா. "சோளத்த வித்து அம்புட்டுத் தூரம் போக முடியுமா, வெங்காயம்தான் என்னையக் கொண்டுபோய் அவகிட்ட இறக்கும்" என்றார். அப்புறம் கேட்காமலே இன்னொன்றையும் சொன்னார். உனக்காகப் பூக்கட்டிய அன்றைக்கும் இரண்டு பொட்டலத்திலும் வெள்ளையைத்தான் வைத்தாராம். போகட்டும், பிள்ளை ஆசைப்படுகிறாள் என்று நினைத்தாராம். அன்றைக்குச் சிவப்பு வராதா என்று நான் வேண்டாத சாமி இல்லை. எனக்குக் கோபம் வரும் என்றுதான் இத்தனை வருஷம் சொல்லவில்லையாம். கோபம் வரவில்லை சுகன்யா, அழுகைதான் வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அன்றைக்கே வாய்க்காலில் தண்ணீரைத் திறந்துவிட்டோம், அந்தப் பெண் சொன்ன மாதிரி. அவர் மண்வெட்டியோடு மடை மாற்ற, நான் வரப்பில் நின்று எண்ணினேன். காலையும் சாயங்காலமும் சேர்த்து எண்பத்தைந்து பாத்தி நனைந்தது. நாலு நாளைக்கு ஒரு தண்ணீர் என்று பார்த்தால் முந்நூற்று நாற்பது பாத்தி, அது நாற்பது சென்ட் வெங்காயத்துக்குத்தான் காணும், அதற்குமேல் ஒரு பாத்தி போட்டாலும் மாட்டுத் தொட்டியில் கைவைக்க வேண்டும். இதைச் சொல்லத்தான் பன்னிரண்டு நாளாக என் தொண்டை வறண்டது, அந்த எண்பத்தைந்தாவது பாத்தி சொன்னதும் மறுபேச்சு இல்லாமல் கேட்டுக்கொண்டார். இப்போது நாற்பது சென்ட் வெங்காயம் ஊன்றி, நேற்று பச்சையாக முளை காட்டிவிட்டது. மற்றதெல்லாம் சோளமும் தட்டைப்பயறும், புழுதியிலேயே விதைத்திருக்கிறோம், முந்தாநாள் மத்தியானம் தூசி அடங்குகிற அளவுக்கு ஒரு தூறல் போட்டது, மீதியை வானம் பார்த்துக்கொள்ள வேண்டும். கருப்பணசாமிக்கு ஆளுக்கொரு தேங்காய் உடைத்தோம். இன்னும் அறுவடையே ஆகவில்லை, அதற்குள் எதற்கு இரண்டு தேங்காய் என்று சண்முகவள்ளி துளைத்துத் துளைத்துக் கேட்கிறாள், இருவரும் வாயைத் திறக்கவில்லை.

இப்போது உன் வேலைக்கு வருகிறேன். நாற்பது சென்ட் வெங்காயம் நல்லபடியாக விளைந்தால் ஒரு ஆளைத்தான் உன்னிடம் அனுப்பும், இரண்டு பேர் வந்தால் மாட்டை யார் பார்ப்பது என்பது வேறு. யார் வருவது என்று பேச்சு வந்ததும், பூக்கட்டிப் பார்ப்போம் என்றார் உங்கப்பா. சொல்லிவிட்டு அவரும் என்னைப் பார்த்தார், நானும் அவரைப் பார்த்தேன். இந்த வீட்டில் பூக்கட்ட ஒரு நல்ல கை இல்லை, மகளே கட்டட்டும் என்று முடிவாகிவிட்டது. தை பிறந்து வெங்காயம் மார்க்கெட்டுக்குப் போனதும் அவர் உன்னிடம் சொல்வார், ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டுக்கொள். சிவப்பு வந்தால் நான், வெள்ளை வந்தால் அவர். வீடியோவில் இரண்டு பொட்டலத்தைக் காட்டு, ஒன்றை அவர் சொல்வார், நீ பிரி. அங்கே செவ்வரளிக்கும் நந்தியாவட்டைக்கும் எங்கே போவாய், ஏதாவது பூ வாங்கிக்கொள். ஆனால் சிவப்பு வாங்கிக் காசைக் கரியாக்காதே, இரண்டிலும் வெள்ளையையே வை. எனக்கு உன்னைப் பார்க்க ஆசை இல்லை என்று நினைத்துவிடாதே, நீ விட்டுப்போன சுடிதாரை இன்னும் துவைக்காமல்தான் வைத்திருக்கிறேன். ஆனால் உன்னைப் போகவிட்டவர் அவர், முதலில் வந்து பார்க்க வேண்டியவரும் அவர்தான். என் முறை அடுத்த வெங்காயத்துக்கு வரட்டும்.

நோய்நொடி இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், உன் ஊர் மழையில் பாதி இந்தப் பக்கம் திரும்ப வேண்டும், இரண்டையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன். தலை காய்ந்த பிறகு வெளியே போ. ஒன்று மட்டும் மறந்துவிடாதே, மற்ற பொட்டலத்தையும் பிரித்துக் காட்டு என்று உங்கப்பா கேட்பார், அனுபவசாலி. காட்டாதே.

இப்படிக்கு,
இரண்டிலும் சிவப்பைக் கட்டிய உன் அம்மா,
சோ. பேச்சியம்மாள்