மத்தியானத்தில் இறங்கும் பேட்டரி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், கார்தான் நகர மாட்டேன் என்கிறது. நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும்.

மத்தியானம் நம் பெயிண்ட் கடையிலிருந்து காரில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டு, சற்றுக் கண்ணயர்ந்துவிட்டுக் கிளம்பினால் பேட்டரி செத்துக் கிடக்கும். எதிர்வீட்டுத் தையல்காரர்தான் தள்ளிவிடுவார், அடுத்த தடவை கயிறு கட்டி இழுத்துட்டே போயிடலாம் முதலாளி என்று கிண்டல் வேறு. புது பேட்டரி போட்டும் அதே கதை. மெக்கானிக் எல்லாவற்றையும் சோதித்துவிட்டு, வண்டியில ஒரு குறையும் இல்ல சார், யாரோ உள்ள உக்காந்து எதையோ ஓட விடுறாங்க என்றார். என் சாவியை யார் தொடப்போகிறார்கள் என்று சிரித்தேன்.

நேற்று மத்தியானம் தூக்கம் வராமல் வாசலுக்கு வந்தால் காருக்குள் உன் அம்மா, கண்ணாடியெல்லாம் ஏற்றி, ஃபேனை ஓடவிட்டு, உன்னோடு போன் பேசிக்கொண்டிருக்கிறாள். போன தடவை வந்தபோது போன் பேச்சு கார் ஸ்பீக்கரில் வரும்படி நீ செய்து வைத்தாயே, அதில் உன் குரல் தெருவுக்கே கேட்கிறது. அப்போதுதான் விளங்கியது, அவளுக்குக் காது கேட்கவில்லை அம்மாடி. நான் ஒன்று கேட்க அவள் வேறொன்று சொன்னதைக் கோபம் என்று நினைத்து, சமாதானத்துக்கு மிக்ஸி வாங்கிக் கொடுத்தேன். சத்தமே இல்லாத நல்ல மிக்ஸி என்றாள், அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

நான் டாக்டரிடம் கூப்பிட்டால் என்னைச் செவிடின்னு சொல்றீங்களா என்று சண்டைக்கு வருவாள். நேராகப் போகாத சரக்கைச் சுற்று வழியில்தான் தள்ள வேண்டும். எனக்கே காது மந்தமாயிட்டு வருதும்மா, காட்டப் போறேன், நீயும் கூட ஒரு தடவை காட்டிடேன் என்று நீ சொல். உன் பேச்சைத்தான் கேட்பாள். எனக்குத் தெரியும் என்று மட்டும் வாய் தவறிச் சொல்லிவிடாதே.

மாப்பிள்ளைக்கும் குழந்தைக்கும் என் ஆசி. இதைத் தள்ளிப் போடாதே. நேற்று ராத்திரி கடையை மூடிவிட்டு வந்து, ரொம்ப அசதியா இருக்கு என்றேன். அரிசி நிறைய இருக்கு, இப்ப வாங்க வேணாம் என்றாள். அசதி என்று சொல்ல எனக்கு அவளை விட்டால் வேறு ஆளில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா