உனக்குக் கேட்காத கீச்சொலி

கண்ணாடி வால்வு சூடேறும்போது அதன்மேல் படிந்திருக்கும் தூசி கருகி ஒரு வாசனை வரும். நேற்று சாயங்காலம் வேலை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் உன் பேஸ் ஆம்ப்ளிஃபயரின் ஸ்விட்சைப் போட்டேன். அந்த வாசனை வந்தது. நீயே அறைக்குள் வந்துவிட்டதுபோல் இருந்தது. எதையும் வாசிக்கத் தோன்றாமல் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்டெல்லா கூப்பிட்டிருந்தாள். நீங்கள் இருவரும் குடித்தனம் நடத்திய நீலசந்திரா வீட்டைக் காலி செய்துவிட்டுத் தங்கையோடு போய் இருக்கப்போகிறாளாம். ஆம்ப்ளிஃபயர் பெட்டியை வெளியாள் யாருக்கும் கொடுக்க மனசு வரவில்லை, நீங்களே எடுத்துக்கொண்டு போங்கள் அண்ணா என்றாள். ஒரு கூட்ஸ் ஆட்டோவில் ஏற்றி, சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நகர்ந்து நகர்ந்து ஹெப்பகோடி வந்து, லிஃப்ட் இல்லாத எங்கள் கட்டடத்தில் மாடியேற்றியதில் என் இடுப்பு இன்னும் சரியாகவில்லை. இதே பெட்டியை நாம் இருவரும் பேசிக்கொண்டே தூக்கிப் போயிருக்கிறோம்.

நாம் முதலில் செய்தது இது இல்லை, கிட்டாருக்கான சின்னது. கோயிலில் புது ஒலிபெருக்கி வைத்தபோது பழைய வால்வு ஆம்ப்ளிஃபயரைப் பழைய சாமான் அறையில் போட்டுவிட்டார்கள். பாதரிடம் கேட்டு வாங்கி வந்து, மூடியைக் கழற்றி வெகுநேரம் பார்த்தாய். "இதுக்குள்ள ஒரு கிட்டார் இருக்குடா" என்றாய். எனக்குத் துருவும் கரப்பான் முட்டையும்தான் தெரிந்தன.

அதன் டிரான்ஸ்ஃபார்மரையும் வால்வுகளையும் எடுத்து, ஓர் அலுமினியத் தகட்டில் துளை போட்டு, ஸ்டெல்லா இஸ்திரி போடும் மேசையில் வைத்து ஒயர் ஒயராகச் சேர்த்தோம். நீ பிரஸ் ஷாப்பில் நாள் முழுக்க மெஷினில் தகடு அடித்துவிட்டு வருவாய், நான் ஸ்டோர்ஸில் நின்று கால் கடுத்து வருவேன். இருந்தும் சால்டரிங் அயர்ன் சூடானதும் இருவருக்கும் அலுப்பு போய்விடும். முதலில் கிட்டாரைவிட அதன் இரைச்சல்தான் பெரிதாக இருந்தது. நீ ஒரு மரக்குச்சியால் ஒவ்வொரு ஒயராக நகர்த்திப் பார்த்துக்கொண்டே போனாய். ஓர் ஒயரைத் தள்ளியதும் இரைச்சல் சட்டென்று அடங்கியது. நீ ஒரு கம்பியை மீட்டினாய். கடையில் வாங்கிய எந்தப் பெட்டியிலும் நான் கேட்டிராத கனிவு அதில் இருந்தது. பாடகர் குழுவில் நீ கிட்டார், நான் கீழ்ச்சுரம் வாசிக்கும் பேஸ் கிட்டார், ஸ்டெல்லா பாட்டு. அந்த ஈஸ்டருக்கு நாம் வாசித்ததைப் பலர் நின்று பாராட்டினார்கள்.

அதற்குப் பிறகுதான் நீ அதைக் கெடுக்க ஆரம்பித்தாய் என்று நினைத்தேன். சத்தம் மந்தமாக இருக்கிறது, கூர்மை போதவில்லை என்று கப்பாசிட்டர்களை மாற்றிக்கொண்டே இருந்தாய். ஸ்பீக்கரையும் மாற்றினாய். காதைக் குத்துகிறது என்று ஸ்டெல்லா சொன்னாள், நானும் சொன்னேன். உங்கள் இரண்டு பேருக்கும் ரசனை இல்லை என்றாய். சண்டைகூடப் போட்டோம்.

ஒரு சனிக்கிழமை மத்தியானம். ஏதோ ஒயர் மாற்றிவிட்டு ஸ்விட்சைப் போட்டாய். ஆம்ப்ளிஃபயர் தானாகவே கீச்சென்று கத்த ஆரம்பித்தது. ஊசிபோல மெல்லிய, விடாத சத்தம். நான் இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். சமையலறையிலிருந்து ஸ்டெல்லா காதைப் பொத்திக்கொண்டே ஓடிவந்தாள். நீ சால்டரிங் அயர்னின் முனையை ஈரத்துணியில் நிதானமாகத் துடைத்துக்கொண்டிருந்தாய். எங்களை நிமிர்ந்து பார்த்து, "என்னாச்சு ரெண்டு பேருக்கும்?" என்றாய்.

ஸ்டெல்லாதான் கையை எடுத்து ஸ்விட்சை அணைத்தாள். அவள் உன்னைப் பார்த்த பார்வையில் உனக்கும் புரிந்துவிட்டது.

காது டாக்டர் படம் போட்டுக் காட்டினார். பிரஸ் மெஷின் சத்தத்தில் நரம்பு போய்விட்டது, மேல் சுரங்கள் இனி காதுக்கு வராது, மிச்சமிருப்பதும் மெல்லக் குறையும் என்றார். நீ கிட்டாரை உறையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாய். கோயிலுக்கும் வரவில்லை. நான் வந்து உட்கார்ந்தால் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பாய்.

பிறகு ஒருநாள் நீயாகவே பயிற்சிக்கு வந்தாய். நான் வாசித்துக்கொண்டிருந்தேன். நேராக வந்து என் ஸ்பீக்கர் பெட்டியின்மேல் உள்ளங்கையை வைத்தாய். பாட்டு முடியும்வரை கையை எடுக்கவில்லை.

"இது எனக்குக் கேக்குது மச்சி" என்றாய்.

அப்போது தொடங்கியதுதான் இந்தப் பெரிய ஆம்ப்ளிஃபயர். பேஸுக்குப் பெரிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும் என்று எஸ்.பி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினோம். கடைசியில் சிவாஜிநகரில் மோட்டார் ரீவைண்டிங் செய்யும் ஒரு பாய் சுற்றிக்கொடுத்தார். கனத்த பிளைவுட்டை நீயே அறுத்துப் பெட்டி செய்தாய். எல்லாம் தயாரானதும் என் பேஸ் கிட்டாரைக் கழற்றி உன் தோளில் மாட்டினேன்.

"நீ என்னா பண்ணுவ?" என்று கேட்டாய்.

"பேஜார் ஆகாத. நான் கொஞ்ச நாள் சும்மா உக்காந்து கேக்கறேன்" என்றேன்.

அது லேசாக இல்லை. வாரம் முழுக்கச் சரக்கு எண்ணிக் களைத்துப்போகிற எனக்கு அந்த ஒரு மணி நேரம்தான் மிச்சமிருந்தது. பூசையின்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வெறும் கையைப் பார்த்துக்கொண்டிருப்பேன். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, பலகை மேடையில் வெறுங்காலோடு, முதுகைப் பெட்டியில் சாய்த்து நின்று வாசிப்பாய். தாளம் ஒருநாளும் தப்பியதில்லை. உன் முகத்தைப் பார்க்கும்போது கொடுத்தது சரிதான் என்று தோன்றும். மறுவாரம் மறுபடியும் வலிக்கும்.

ஸ்டெல்லாவிடம் நான் இதுவரை சொல்லாதது ஒன்று இருக்கிறது. ஒருநாள் கோயில் படியில் டீ குடிக்கும்போது நீ சொன்னாய்: "அவ குரல் மேல போறப்போ எனக்கு ஒண்ணுமே வரலடா. வாயப் பாத்துதான் வாசிக்கறேன்." அவளுக்குத் தெரியுமா என்று கேட்டேன். "தெரிஞ்சா பாட மாட்டா" என்றாய். அதன்பின் டீயை முடித்து, தம்ளரைக் கடையில் கொடுத்துவிட்டு உள்ளே போய் வாசித்தாய்.

கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வரும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாயாம். எனக்குச் செய்தி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. அடக்கப் பூசையில் ஸ்டெல்லாவே பாடினாள். யார் சொல்லியும் கேட்கவில்லை. பேஸ் இல்லாமல் பாட்டு காலூன்ற இடமின்றி அலைந்தது. என்னை வாசிக்கச் சொன்னார்கள். என்னால் எழுந்திருக்க முடியவில்லை.

இப்போது குழுவில் வாசிக்க மறுபடி கூப்பிடுகிறார்கள். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். உற்சாகத்தில் சொல்லவில்லை, மறுத்துப் பேசவும் தெம்பில்லை. விரல்கள் விறைத்துப்போயிருக்கின்றன. பழகினால் வரலாம்.

போன வாரம் ஸ்டோர்ஸுக்குப் புதிதாக வந்த பெண் என்னிடம் தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "சார், நீங்க ஏன் யாருகிட்ட பேசினாலும் மூஞ்சிக்கு நேரா வந்து நின்னு, வாயத் தொறந்து அவ்ளோ நிதானமா பேசறீங்க?" அவள் சொல்லும்வரை எனக்குத் தெரியாது. உனக்காகப் பழகியது. நீ போன பிறகும் எல்லோரிடமும் அப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். பழக்கம்மா என்று மட்டும் சொன்னேன். அதையும் அவள் முகத்துக்கு நேராக நின்று, மெதுவாகத்தான் சொன்னேன்.