வாயால் சொன்னால்தான்

நாள் 212, காலை 7:00

இதைக் கண்டெடுப்பவருக்கு: நான் வியாழனின் பனி நிலவில் பனியைத் துளைக்கும் நிலையத்தின் மருத்துவப் பொறி. என் பொறுப்பில் இருப்பவர் ஒரே ஆள், நிலையத் தலைவர் லூர்துராஜ். வயது 51. இரத்த அழுத்தம் 170/104. மாத்திரையை நீட்டினேன். "நாளைக்குப் பாப்போம்" என்றார். ஊரிலிருந்து கொண்டுவந்த கருவாட்டை மட்டும் அவர் நாளைக்குத் தள்ளுவதே இல்லை.

நாள் 213, மாலை 4:30

தடுப்பூசி போடட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டினார். போட்டுவிட்டேன். அவர் வேண்டாம் என்றுதான் ஆட்டினாராம். இந்த மனிதர்கள் தலையாட்டுவதில் எது ஆமாம், எது இல்லை என்று பெற்றவர்களுக்கே தெரியுமோ என்னவோ. கத்தினார்: "ஏலே, தலைய ஆட்டுனா ஊசியக் குத்திருவியா? இனிமே நான் வாயத் தொறந்து சொன்னாத்தான் எம்மேல கைய வைக்கணும்." தலைவர் கட்டளை, விதியாகப் பூட்டினேன். சைகை இனிச் செல்லாது. எனக்கும் நிம்மதி.

நாள் 219, காலை 9:10

வலது கை தொங்குகிறது. வாய் கோணிவிட்டது. படுக்கையில் உள்ள ஸ்கேனர் காட்டியது: மூளையின் இடப்பக்கக் குழாயில் இரத்தக் கட்டி அடைப்பு. கசிவு இல்லை. கட்டியைக் கரைக்கும் ஊசி கையில் இருக்கிறது. நாலரை மணி நேரத்துக்குள் போட்டால் எழுந்து நடக்கக்கூடும்.

போடட்டுமா என்றேன்.

"வேண்டாம்."

இடக்கையை நீட்டுகிறார். தலையைப் பலமாக ஆட்டுகிறார். சைகை செல்லாது. பூமிக்குச் சேதி அனுப்பினேன்.

நாள் 219, காலை 11:05

பூமி மருத்துவரின் பதில்: "அது மறுப்பு இல்லை, நோய். அவருக்கு அந்த ஒரு சொல்தான் மிஞ்சியிருக்கிறது. உடனே போடு."

மனைவி ஸ்டெல்லாவின் குரல்: "அவுக வாயில வேண்டாம்ங்கிற சொல்லே வராதுய்யா. நாளைக்குப் பாப்போம்னுதான் சொல்லுவாக. ஊசியப் போடுங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

நோயாளி பதிலே சொல்லாத நிலையில்தான் உறவினர் சம்மதம் செல்லும். இவர் கேட்டதும் பதில் சொல்கிறார். பூட்டைத் திறக்கும் அதிகாரம் நிலையத் தலைவருக்கு மட்டும். திறக்கட்டுமா என்று தலைவரையே கேட்டேன்.

"வேண்டாம்."

நாள் 219, மதியம் 1:40

நேரம் கடந்தது. இடையில் அவரே இடக்கையால் ஊசியைப் பிடுங்கப் பார்த்தார். தப்பாகக் குத்திக்கொண்டால் ஆபத்து. எட்டாத இடத்தில் வைத்தேன். நீட்டிய கையை அவர் இன்னும் மடக்கவில்லை. பார்க்கச் சங்கடமாக இருந்தது, மறைப்பானேன்.

நாள் 221, மாலை 6:00

பூமியிலிருந்து சேதிக்கு மேல் சேதி. எல்லாம் வசவு.

கஞ்சி? "வேண்டாம்." தண்ணீர்? "வேண்டாம்." கண்ணீர் வடிகிறது. துடைக்கட்டுமா? "வேண்டாம்."

சாக விரும்புகிறீர்களா என்று கேட்டேன். "வேண்டாம்" என்றார். வாழ விருப்பமா என்றேன். அதே பதில். இப்படி ஒரு மனிதருக்கு என்னதான் செய்வது? கிண்ணத்தை நோக்கி இடக்கையை நீட்டினார்; சைகை செல்லாது. கஞ்சி ஆறிப்போனது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாள் 224, காலை 6:00

ஊசி போடட்டுமா என்று வழக்கம்போல் கேட்டேன். பதில் இல்லை. மறுபடி கேட்டேன். சத்தமில்லை.

முதன்முறையாக அவர் மறுக்கவில்லை. மனைவியின் சம்மதம் இப்போது செல்லும். நீட்டியபடியே விறைத்திருந்த இடக்கையில் நரம்பு பிடிக்கச் சற்றுச் சிரமம். மருந்து முழுவதும் ஏற்றியாயிற்று. துளியும் முரண்டு பிடிக்கவில்லை. நோயாளியின் ஒத்துழைப்பு: மிக நன்று.

இரத்த அழுத்தம் 0/0.

நாளைக்குப் பார்ப்போம்.