கீழே ஆள் இருக்கிறார்

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். அங்கே நீயும் உன் மனைவியும் நலமென்று உன் அண்ணி சொன்னாள். நாம் இருவரும் பேசாமல் இருக்கும் இத்தனை வருஷங்களாக நம் வீட்டுப் பெண்கள் விடாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் உன் ரத்த அழுத்தம் எவ்வளவு என்பதுவரை எனக்குத் தெரியும். என் விஷயமும் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். ஆனால் அவள் அதைப் பூசி மெழுகித்தான் சொல்லியிருப்பாள். ஆகவே நானே எழுதுகிறேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று நினைப்பாய். கோபம் ஒரு காரணம். காகிதத்தில் ஒரு வசதியும் இருக்கிறது. என்ன சொல்லிவிட்டேன் என்று மேலே பார்த்துக்கொள்ளலாம்.

சில மாதங்களாக எனக்கு எதுவும் மனதில் நிற்பதில்லை. செய்தித்தாளைப் பிரித்தால் கண் கடைசி வரிக்குப் போய்விடுகிறது, நான் முதல் வரியிலேயே நிற்கிறேன். இஸ்திரி போட்டு மாட்டிய சட்டையை எடுத்து மறுபடியும் இஸ்திரி போடுகிறேன். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று பாதி வழியில் திரும்பி வருகிறேன். எல்லாம் மூடித்தான் இருக்கும். படியிறங்கும்போது, சரியாகப் பார்த்தேனா என்று அடுத்த சந்தேகம் தொடங்கிவிடும். போன மாதம் எங்கள் கட்டடத்திலேயே லிப்டிலிருந்து ஒரு மாடி முன்னதாக இறங்கி, யார் வீட்டுக் கதவிலோ என் சாவியை நுழைத்து, திரும்பவில்லை என்று அதைத் திட்டிக்கொண்டிருந்தேன். தலையில் துண்டு சுற்றிய ஓர் அம்மா கதவைத் திறந்தார். "லிப்ட்காரருக்கே மாடி தெரியலைன்னா நாங்கல்லாம் எங்க போறது?" என்றார். எனக்குச் சிரிப்பும் வரவில்லை, வெட்கமும் வரவில்லை. சாவியை உருவிக்கொண்டு மேலே போனேன்.

ஆனால் மறக்காதவையும் இருக்கின்றன. என்னிடம் தொழில் பழகியவன்தான் இன்று என் மேலாளர். பதவி உயர்ந்த அன்று "எல்லாம் நீங்க போட்ட பாதை சார்" என்று அவன் சொன்னபோது வாயில் முந்திரி மென்றுகொண்டிருந்தான் என்பதுகூட நினைவிருக்கிறது. உன் கல்யாணத்தில் என்னை எந்த வரிசையில் உட்கார வைத்தாய் என்பது நினைவிருக்கிறது. அப்பா முடியாமல் கிடந்தபோது விமானத்தில் இடம் கிடைக்கவில்லை என்று உன் மனைவியை விட்டுச் சொல்லவைத்தாய், அதுவும். எல்லாம் தூசி படாமல் வரிசையாக இருக்கின்றன. சாவி வைத்த இடம்தான் தெரியவில்லை.

வேலையில் நடந்ததை உன் அண்ணி உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அவளுக்கே நான் பாதிதான் சொன்னேன். லிப்ட் பழுது பார்க்கப் போனால் முதல் காரியம், உச்சியில் இருக்கும் இயந்திர அறையில் மெயின் சுவிட்சை அணைத்து அதற்குப் பூட்டுப் போடுவது. பூட்டோடு ஓர் அட்டை தொங்கும். 'கீழே ஆள் இருக்கிறார்' என்று அதில் எழுதியிருக்கும். எத்தனை பேர் வேலை செய்கிறார்களோ அத்தனை பூட்டு. அவரவர் பூட்டை அவரவர்தான் திறக்க வேண்டும். சாவி அவரவர் பையில்.

என்னோடு வருபவன் ஒட்டடை. நெடுநெடுவென்று குச்சி மாதிரி இருப்பான். சம்பளச் சீட்டில் வேறு ஏதோ பெயர் போட்டிருக்கிறார்கள், அதைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவனே திரும்பிப் பார்ப்பதில்லை. அன்று அவன் தன் பூட்டை வண்டியிலேயே வைத்துவிட்டான். போய் எடுத்து வருகிறேன் என்றான். "என் பூட்டு தொங்குதில்ல, நீ போ" என்று நான்தான் அனுப்பினேன். அவன் கீழே இறங்கி, லிப்டுக்கு அடியில் இருக்கும் குழிக்குள் போனான்.

நான் மேலே பிரேக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கை மட்டும்தான் பார்த்தது. வீட்டில் கேஸை மூடினேனா என்று உள்ளே ஆரம்பித்துவிட்டது. உன் அண்ணிக்குப் போன் செய்தேன். "மூடித்தாங்க இருக்கு, காலையில இருந்து இதே கேள்விதான்" என்றாள். அப்பாடா என்று இருந்தது. அந்த நிம்மதியில், ஒரு வேலை முடிந்ததும் என்ன செய்வேனோ அதைக் கை தானாகச் செய்தது. கருவிகளைப் பையில் போட்டேன். பூட்டைத் திறந்தேன். அட்டையைக் கழற்றி, எண்ணெய்க் கறையைத் துடைத்தேன். சுவிட்சைப் போட்டேன்.

லிப்ட் நகரவில்லை. குழிக்குள் சுவரில், லிப்டை நகரவிடாமல் நிறுத்திவைக்கும் ஒரு சிவப்புப் பொத்தான் உண்டு. இறங்குகிறவர் முதலில் அதை அழுத்த வேண்டும். பாதிப் பேர் சோம்பலில் அழுத்துவதில்லை. அவன் அழுத்தியிருந்தான்.

அவன் மேலே வந்தபோது பூட்டு என் கையில் இருந்தது. அதைப் பார்த்தான். மதியம் வழக்கம் போல வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டான். டப்பாவை மூடிவிட்டு, "அண்ணே, நான் கீழதான் இருந்தேன்" என்றான். தெரியும் என்றேன். "இல்ல, சும்மா சொன்னேன்" என்றான்.

அலுவலகத்தில் நானே போய்ச் சொன்னேன். மேலாளர் கதவைச் சாத்திவிட்டு, "கொஞ்ச நாள் ஸ்டோர்ல இருங்க சார், ரெஸ்ட் மாதிரி" என்றான். ஸ்டோர் என்றால் நட்டுக்கும் போல்ட்டுக்கும் நடுவே ஒரு நாற்காலி. அவனுக்கு உள்ளூர சந்தோஷம் என்று நினைக்கிறேன். இல்லாவிட்டாலும் அப்படித்தான் நினைப்பேன்.

அப்பாவுக்கு வந்த மறதி நோய் எனக்கும் வந்துவிட்டது என்று எண்ணித்தான் டாக்டரிடம் போனேன். சின்ன வயதுப் பெண். வார்த்தைகளைச் சொல்லித் திரும்பக் கேட்டார். ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வரையும்போது, அப்பாவுக்கு நீ அனுப்பிய பேசும் கடிகாரம் ஞாபகம் வந்தது. அது மணி சொல்லும்போதெல்லாம் அப்பா எழுந்து "சரிங்க" என்பார். யாரோ அதிகாரி வீட்டுக்கு வந்திருக்கிறார் என்று நினைப்பு. கடைசியில் அதைத் துணியில் சுற்றி அலமாரியில் வைத்தேன். உனக்கு இது தெரியாது, நீ இங்கே இல்லை.

டாக்டர் இப்போதைக்கு அந்த நோய்க்கு அறிகுறி எதுவும் இல்லை, இது பதற்றம் என்றார். "நீங்க மறக்கல சார், உள்ள வாங்கவே இல்ல. மனசு வாசல்ல காவல் நின்னுக்கிட்டே இருந்தா, வர்ற சாமானை யாரு எடுத்து வைக்கிறது?" என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறார். சாயங்காலம் நடக்கச் சொன்னார். ஒரு நேரத்தில் ஒரே வேலை. செய்வதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு தடவை பார்த்தால் போதும், திரும்பிப் போகக் கூடாது. கதவைப் பூட்டுகிறேன், பூட்டிவிட்டேன், சாவி வலது பையில் என்று சொல்லிக்கொண்டு படியிறங்குகிறேன். ஸ்டோரில் வாயைத் திறந்தாலே "அண்ணன் கமெண்ட்ரி ஆரம்பிச்சுட்டாரு" என்கிறார்கள். சொல்லட்டும். கொஞ்சம் பலன் இருக்கிறது. மனது மட்டும் மரத்துப்போன கால் மாதிரி கிடக்கிறது. குத்தினால் தெரிகிறது, என்னுடையது என்று தோன்றவில்லை.

அடுத்த மாதக் கடைசிக்குள் நான் முடிவு சொல்ல வேண்டும். பழையபடி வேலைக்கு வெளியே போவதா, ஓய்வு பெறும்வரை ஸ்டோர் நாற்காலியா என்று. டாக்டர் போகலாம் என்கிறார். ஒட்டடையிடம் கேட்டார்களாம். "அவர் வந்தா நான் போறேன். ஆனா என் பூட்டும் தொங்கும்" என்றானாம். அதற்குமேல் யாரும் மரியாதை செய்ய முடியாது.

எனக்குத்தான் நம்பிக்கை இல்லை. அந்தத் துண்டு சுற்றிய அம்மா கதையை ஒரு நாள் உன் அண்ணியிடம் சொன்னேன், சிரித்தாள். ஏற்கெனவே சொல்லிவிட்டேனோ என்று கேட்டேன். "இல்லையே, இப்பத்தானே சொல்றீங்க" என்றாள். ஆனால் அவள் சிரிப்பு, சிரிக்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே வந்துவிட்டது. அவளை இனி எப்படி நம்புவது? மேலாளர் நல்லது சொன்னாலும் நம்ப மாட்டேன், கெட்டது சொன்னாலும் நம்ப மாட்டேன். டாக்டர் மாதம் ஒரு முறைதான் பார்க்கிறார்.

என் மனம் நோகுமே என்று ஒரு வார்த்தையைக்கூடக் குறைத்துப் பேசாதவன் நீ ஒருவன்தான். அப்பா நன்றாக நடமாடிக்கொண்டிருந்த காலத்தில், அவரிடம் பேசி முடித்ததும் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னாய். "அப்பா ஒரே விஷயத்தை நாலு தடவை சொல்லிட்டார். உனக்கும் தெரியும், தெரியாத மாதிரி நடிக்கற" என்றாய். நான் போனை வைத்துவிட்டேன். பிறகு எடுக்கவேயில்லை. நீ சொன்னது தப்பாக இருந்திருந்தால் என்றைக்கோ மன்னித்திருப்பேன்.

அங்கே குளிர் தொடங்கியிருக்கும். ரத்த அழுத்த மாத்திரையை விடாதே. உன் மனைவியும் உன் அண்ணியும் பேசிக்கொள்வதால் உன் அளவு என்னவென்று எனக்குத் தெரிந்துவிடுகிறது.

இதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டேன் என்று இப்போதுதான் பார்த்தேன். அடிக்கவில்லை. நீயும் பார்த்துக்கொள்.

நான் கேட்பது ஒன்றுதான். இந்தக் கடிதம் கிடைத்ததும் எனக்குப் போன் செய். பிறகு ஞாயிறுதோறும் செய். வானிலையோ விலைவாசியோ, என்ன வேண்டுமானாலும் பேசலாம். பழையதை நான் எடுக்க மாட்டேன், எடுத்தாலும் பொறுத்துக்கொள். சொன்னதையே நான் திரும்பச் சொன்னால், "இதைச் சொல்லிட்டே அண்ணா" என்று உன் வழக்கப்படி முகத்துக்கு நேரே சொல். அப்படிச் சொன்னால் ஸ்டோரிலேயே உட்கார்ந்துவிடுகிறேன். சொல்ல வேண்டி வராவிட்டால் பூட்டை எடுத்துக்கொண்டு போகிறேன்.

எப்படியானாலும் போனை மட்டும் வைத்துவிடாதே. இந்த முறை நானும் வைக்க மாட்டேன்.

நீயும் உன் குடும்பமும் நன்றாக இருக்க வேண்டும்.

உன் அண்ணன்